மூளையில் கறள்: ஒரு குளிசைப் போத்தலின் வரலாறு

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், நாலாம் மாடியில் இருக்கிறா. 82 வயது. போன வருசம் வரைக்கும் சந்தைக்குத் தனியப் போய், மீன்காரரோடு சண்டை பிடித்து விலை குறைத்து வருகிற ஆள். இப்போது காலையில் சாப்பிட்ட இடியப்பத்தை மத்தியானம் மறந்துவிட்டு, "இண்டைக்கு ஒருத்தரும் எனக்குச் சாப்பாடு தரேல்லை" என்று முறைப்பாடு வைக்கிறா. ஆனால் 83 யூலையில் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளைக் கேட்டுப் பாருங்கள். எந்த அயலவர் எந்தக் கதவால் உள்ளே எடுத்தார், யார் கையில் எந்தப் பெட்டி இருந்தது என்று எல்லாம் வரிசையாகச் சொல்லுவா. சில பின்னேரங்களில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பா, கொட்டாஞ்சேனைக்குப் போக.

ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: அறளை பெயர்தல். வயது போனால் வரும், அவ்வளவுதான் என்ற அர்த்தத்தில் சொல்வார்கள். டொக்டர் சொன்ன பெயர் அல்சைமர்.

அந்தப் பெயர் வீட்டுக்குள் வந்து ஒரு கிழமைக்குள் குளிர்சாதனப்பெட்டிக்கு மேலே ஒரு போத்தலும் வந்துவிட்டது. விற்றமின் ஈ, 400 அலகு. டொக்டர் எழுதிக் கொடுத்ததில்லை. மருந்துக்கடையில் நின்ற அண்ணை சொன்னாராம்: "தங்கச்சி, இரும்பு கறள் பிடிக்கிற மாதிரித்தான் மூளையும். ஒட்சிசன் பட்டுப் பட்டு உள்ளுக்கிருக்கிற டீ.என்.ஏ. எல்லாம் பழுதாகுது. இது அன்ரி-ஒக்சிடன்ற், கறளை நிப்பாட்டும்." மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உப்புக்காற்றில் யன்னல் கம்பி எவ்வளவு கெதியாகக் கறள் பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். போத்தலின் விலையைச் சொன்னால் நீங்கள் கோபப்படுவீர்கள். மாதம் ஒன்று முடியும்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்துபோன விசயம். ஆனால் ஒரு வசனம் எங்கிருந்து வந்தது, யார் முதலில் சொன்னது, எந்த ஆதாரத்தில், அது எப்படி வெள்ளவத்தை மருந்துக்கடை வரைக்கும் வந்தது என்று தேடுவது எங்களுடைய வேலை. அதனால் அந்த அண்ணையின் வசனத்தையே ஒரு வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொண்டோம். மருத்துவபீடத்தில் படிக்கும் ஒரு நண்பரைப் பிடித்து, கன்ரீனில் நாலைந்து பின்னேரம் அவருடைய பிளேன்ரீக்குக் காசு கட்டி, விளங்காததை எல்லாம் கேட்டோம். கடைசியில் தெரிந்தது என்னவென்றால், அண்ணையின் முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதிதான் சிக்கல்.

ஒட்சிசன் இல்லாமல் உயிர் இல்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதே ஒட்சிசன் நஞ்சாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் உறுதியான வடிவம் எடுத்தது 1954இல். சொன்னவர் ரெபேக்கா கெர்ஷ்மான் என்ற ஆர்ஜன்ரீனப் பெண். அப்போது அமெரிக்காவில் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் ஆய்வாளர். அணுகுண்டுக்குப் பிந்திய காலம் அது. கதிர்வீச்சு உடலை என்ன செய்கிறது என்பதுதான் எல்லாருக்கும் பெரிய கேள்வி. எக்ஸ்-கதிர் உடம்புக்குள் இருக்கும் தண்ணீரை உடைத்து, ஒரு இலத்திரன் சோடியில்லாமல் தனித்து நிற்கும் துண்டுகளை உண்டாக்கும். இரசாயனத்தில் இவற்றுக்குச் சுயாதீன மூலிகங்கள் என்று பெயர். சோடி தேடி அவை பக்கத்தில் உள்ள எதிலிருந்தும் இலத்திரனைப் பறிக்கும். கெர்ஷ்மானும் அவருடைய கூட்டாளிகளும் கவனித்தது ஒரு விசித்திரமான ஒற்றுமையை. எக்ஸ்-கதிரிலிருந்து எலிகளைக் காப்பாற்றிய சில பொருட்கள், அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசனிலிருந்தும் அவற்றைக் காப்பாற்றின. அப்படியென்றால் இரண்டும் ஒரே வழியால்தான் கொல்கின்றன. எக்ஸ்-கதிர் படாத சாதாரண உடம்புக்குள்ளும், மூச்சு விடுவதாலேயே, அந்தத் துண்டுகள் உண்டாகின்றன என்பதுதான் அவர்கள் வந்த இடம்.

உண்மையைச் சொன்னால், இந்தப் பெயரை நாங்கள் இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. இணையத்தில் "சுயாதீன மூலிகக் கொள்கையின் தந்தை" என்று தேடினால் வருகிற பெயர் டென்ஹம் ஹார்மன். அவர் ஷெல் எண்ணெய்க் கம்பனியில் பல வருசம் இரசாயனவியலாளராக வேலை செய்து, பிறகு மருத்துவம் படித்தவர். வயது போவதே இந்த மூலிகங்கள் செய்கிற சேதத்தின் கூட்டுத்தொகைதான் என்று 1956இல் எழுதினார். தாய் இல்லாமல் தந்தை மட்டும் இருக்கிற கொள்கைகள் விஞ்ஞானத்தில் நிறைய. ஹார்மன் தானும் விற்றமின் ஈ, சீ எடுத்துக்கொண்டு 98 வயது வரைக்கும் இருந்தார். விளம்பரம் எழுதுகிறவர்கள் இதைச் சும்மா விடுவார்களா?

ஆனால் 50களில் ஒருவரும் ஹார்மனைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்படி எரிகிற பொருள் உயிருள்ள கலத்துக்குள் இருக்குமா என்று சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் தீர்ந்தது 1969இல், டியூக் பல்கலைக்கழகத்தில். செங்குருதிக் கலங்களில் செப்பு கலந்த ஒரு புரதம் இருப்பது 1938இலிருந்தே தெரியும். அது என்ன வேலை செய்கிறது என்பது முப்பது வருசமாக ஒருவருக்கும் தெரியாது. ஜோ மக்கோர்ட் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் ஏர்வின் ஃபிரிடோவிச்சும் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள்: சுப்பரொட்சைட்டு என்ற மூலிகத்தை அழிப்பது. தீயணைப்புப் படை இருக்கிற ஊரில் தீ பிடிப்பதில்லை என்று யாரும் சொல்லமுடியாதுதானே? மூலிகங்கள் உண்மையிலேயே எங்கள் உடம்புக்குள் உண்டாகின்றன என்பதற்கு அந்த நொதியமே சாட்சி ஆனது.

மருந்துக்கடை அண்ணையின் வசனத்தில் டீ.என்.ஏ. என்ற சொல் வந்து சேர்ந்தது வேறொரு பாதையால். 60களில் டீ.என்.ஏ. என்றால் கல்லில் வெட்டின எழுத்து மாதிரி, பரம்பரை பரம்பரையாக அப்படியே இருக்கும் என்ற நினைப்புத்தான் பொதுவாக இருந்தது. சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால் அதைச் சோதித்துப் பார்த்தார். சும்மா தண்ணீரில், உடல் வெப்பநிலையில் இருந்தாலே டீ.என்.ஏ. தேய்கிறது என்று 70களின் தொடக்கத்தில் காட்டினார். ஒவ்வொரு கலத்திலும் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான எழுத்துகள் கழன்று விழுகின்றன. அப்படியிருந்தும் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்றால், யாரோ உள்ளே இருந்து ஓயாமல் திருத்துகிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தத் திருத்தும் நொதியங்களைத் தேடிப் போனதற்குத்தான் லிண்டாலுக்கு 2015இல், வேறு இருவரோடு சேர்த்து, இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. திருத்துகிறவர்கள் என்ற இந்த இடத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

இனி வருவதுதான் எங்களைக் கதிரையிலிருந்து எழுப்பின பகுதி. டீ.என்.ஏ.யில் ஒட்சிசன் விடுகிற தழும்பைக் கண்டுபிடித்தவர்கள் டோக்கியோவில், தேசிய புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்த ஹிரோஷி கசாயும் சுசுமு நிஷிமுராவும். சமைக்கும்போது உணவில் உண்டாகும், மரபணுவை மாற்றக்கூடிய பொருட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சூடாக்கின சீனியோடு செய்த பரிசோதனைகளில் டீ.என்.ஏ.யின் ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். டீ.என்.ஏ.க்கு அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்று நாலு எழுத்து. நாலிலும் ஒட்சிசனுக்கு இலகுவில் அகப்படுவது குவானின். அதன் எட்டாம் இடத்தில் ஒரு ஒட்சிசன் அணு போய் ஒட்டிக்கொள்ளும். வழமையாகச் சைற்றோசினோடு சோடி சேருகிற குவானின், இந்த வடு வந்த பிறகு அடினினோடும் சோடி சேரத் தொடங்கும். அதாவது எழுத்துப் பிழை.

1984இல் வெளிவந்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பைப் பார்த்தோம். இந்த வடுவை உண்டாக்கின பொருளின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது: அஸ்கோபிக் அமிலம். அஸ்கோபிக் அமிலம் என்றால் விற்றமின் சீ! ஒட்சியேற்ற எதிரி என்று போத்தல் போத்தலாக விற்கிற அதே சாமான். சோதனைக் குழாயில், இரும்பு போன்ற உலோகத்தின் சுவடு இருந்தால், அது ஒட்சிசனைத் தூண்டிவிட்டு டீ.என்.ஏ.யைக் காயப்படுத்தும். உடம்புக்குள் அது அப்படித்தான் நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லமுடியாது. தோடம்பழத்தைத் தூக்கி எறியவேண்டாம். ஆனால் "இது எதிரி, அது நண்பன்" என்று இரசாயனம் கட்சி பிரிந்து நிற்பதில்லை என்பது முதல் நாளிலிருந்தே ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போத்தலின் சுட்டியில்தான் அது இல்லை.

ஏன் மூளை? நண்பர் கன்ரீன் மேசையில் விரலால் தண்ணீர் தொட்டு வரைந்து காட்டினார். உடல் நிறையில் மூளை ஏறத்தாழ 2 வீதம்தான். ஓய்வாக இருக்கும்போது உடம்பு எடுக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதம் அதற்குப் போகிறது. தோல் கலம் பழுதானால் உதிர்ந்து புதுசு வரும். நரம்புக்கலம் அப்படிப் பிரிந்து பெருகுவதில்லை. அம்மம்மா கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியால் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்த கலங்களில் பெரும்பாலானவைதான் இன்றைக்கும் வேலை செய்யவேண்டும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் சக்தியை உற்பத்தி செய்யும் இழைமணிகளுக்கு என்று தனியாக ஒரு சிறிய டீ.என்.ஏ. இருக்கிறது. 37 மரபணுக்கள், 16,569 எழுத்துச் சோடிகள். மூலிகங்கள் பிறக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது கிடக்கிறது. குசினி அடுப்புக்குப் பக்கத்தில் பழைய குடும்பப் படங்களை அடுக்கி வைத்த மாதிரி.

பட்ரிசியா மெக்கோச்சியும் ஃபிளின்ற் பீலும் அவர்களுடைய குழுவும் இறந்தவர்களின் மூளைகளில் இதை அளந்தார்கள். 1993இல், நோயில்லாத மூளைகளிலேயே வயதோடு இந்த வடு கூடுகிறது, அதுவும் இழைமணி டீ.என்.ஏ.யில் பல மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். அடுத்த வருசம் அல்சைமர் நோயாளிகளின் மூளையை எடுத்துப் பார்த்தபோது, சுவர்ப்புற மேற்பட்டையில் இழைமணி டீ.என்.ஏ.யின் வடு, அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. 1999இலும் 2001இலும் அகிஹிக்கோ நுனோமுரா, ஜோர்ஜ் பெரி, மார்க் ஸ்மித் ஆகியோரின் குழு இன்னொரு படி போனது. ஆர்.என்.ஏ.யிலும் இந்த வடு நிறைய இருக்கிறது, நோயின் தொடக்கத்தில்தான் அதிகம், அமிலோயிட் படிவு கூடக்கூட அது குறைகிறது என்றார்கள். அப்படியானால் இது நோய் எரித்து முடித்தபிறகு மிஞ்சின சாம்பலில்லை, தொடக்கத்திலேயே இருக்கிற தீ.

இந்த இடத்தில் கையைத் தட்டிவிட்டுப் போகலாம். ஆனால் 90களில் ஒரு சங்கடம் வந்தது. ஒரே மாதிரியான கலங்களில் இந்த வடுவை அளந்த வெவ்வேறு ஆய்வுகூடங்கள் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வித்தியாசமான எண்களைச் சொன்னன. காரணம் தெரிந்தபோது சிரிப்பு வந்திருக்கும், அல்லது அழுகை. டீ.என்.ஏ.யை வெளியே எடுத்துச் சுத்தப்படுத்தும்போதே அதில் காற்று பட்டுப் புதிய வடு உண்டாகிறது. அளக்கிற கையே காயப்படுத்துகிறது. ஐரோப்பாவில் 1997இல் பல ஆய்வுகூடங்கள் சேர்ந்து இதற்கென்றே ஒரு குழு அமைத்து, அளவைகளைச் சீராக்க வருசக்கணக்காக மினக்கெட்டன. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பழகின தலையிடி. வாய்மொழிச் சாட்சி எடுக்கப் போனால், கேட்கிற கேள்வியே ஞாபகத்தை மாற்றிவிடும். அம்மம்மாவிடம் 83ஐப் பற்றி நாங்கள் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கதையில் ஒரு பெட்டி கூடுகிறது.

இன்னொரு சங்கதி. மக்கோர்ட் கண்டுபிடித்த அந்தத் தீயணைப்பு நொதியத்தின் மரபணுவில் விகாரங்கள் இருந்தால், சில குடும்பங்களில் ஏ.எல்.எஸ். என்ற இயக்க நரம்புக்கல நோய் வருகிறது என்று 1993இல் தெரியவந்தது. ஸ்ரீபன் ஹோக்கிங்குக்கு இருந்த நோய். எல்லாரும் என்ன நினைத்திருப்பார்கள்? தீயணைப்புப் படை வேலை செய்யவில்லை, வீடு எரிகிறது. அழகான விளக்கம். ஆனால் விகாரமுள்ள மனித நொதியத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, எலியின் சொந்த நொதியம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கவே நோய் வந்தது. உருக்குலைந்த அந்தப் புரதமே நஞ்சாகிறது. அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிற ஒரு மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2023இல். இடையில் முப்பது வருசம்.

(இதைத் தேடும்போது எதிர்பாராமல் அகப்பட்டது: மருத்துவ நூல்களில் "மதராஸ் இயக்க நரம்புக்கல நோய்" என்று ஒன்று இருக்கிறது. மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970இல் சென்னையிலிருந்து எழுதியது. இளம் வயதில் வரும், கை கால் மெலியும், முகத் தசை தளரும், பலருக்குக் காது கேளாமல் போகும், ஆனால் மெதுவாகத்தான் நகரும். இதைப் பற்றி யாராவது எங்கள் பக்கத்துக்குத் தனியாக எழுதினால் சந்தோசப்படுவோம்.)

இனி போத்தலுக்கு வருவோம். கறள்தான் பிரச்சினை என்றால் கறள் எதிர்ப்பியைக் கொடுத்தால் சரிதானே? இது முட்டாள்தனமான யோசனை இல்லை. பெரிய பெரிய ஆட்கள் நம்பினார்கள், அதனால்தான் ஒழுங்காகச் சோதித்தும் பார்த்தார்கள். 1993இல் பார்க்கின்சன் நோயாளிகள் 800 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. நாளுக்கு 2000 அலகு விற்றமின் ஈ. பயன் எதுவும் இல்லை. 1997இல் அல்சைமர் நோய் நடுத்தர அளவுக்கு முற்றின 341 பேரில் ஒரு ஆய்வு. அதே 2000 அலகு, இரண்டு வருசம். இறப்பு, பராமரிப்பு இல்லத்துக்குப் போகவேண்டிய நிலை போன்றவை கொஞ்சம் பிந்தின. ஞாபகசக்திப் பரீட்சையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. போத்தல் வியாபாரத்துக்கு அந்த முதல் பாதி போதுமாக இருந்தது.

2005இல் இரண்டு அடி. இலேசான மறதியோடு இருந்த 769 பேரில், விற்றமின் ஈ நோயைத் தடுக்கவில்லை. அதே வருசம், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணிப்பு, நாளுக்கு 400 அலகோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் இறப்பு சற்றுக் கூடுதல் என்றது. அந்தக் கணிப்பின் முறை பற்றிப் பிறகு நிறைய விவாதம் நடந்தது உண்மை. 2014இல் அமெரிக்க முன்னாள் படையினர் 613 பேரில் நடத்திய ஆய்வு மறுபடி விற்றமின் ஈயின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. உடுப்பு மாற்றுவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் மெதுவாகத்தான் குறைந்ததாம். ஞாபகத்தில் மாற்றம் இல்லை. 2017இல் 7,540 ஆண்களில் முடிந்த தடுப்பு ஆய்வு இன்னும் தெளிவு. எங்கள் போத்தலில் உள்ள அதே 400 அலகு. மறதிநோய் வருவது குறையவில்லை. இந்த ஆய்வு எந்தப் பெரிய ஆய்வின் கிளையாக நடந்ததோ, அதில் விற்றமின் ஈ எடுத்த ஆண்களுக்குப் புரொஸ்ரேற் புற்றுநோய் 17 வீதம் கூடியிருந்தது.

எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நாங்கள் வந்த முடிவு இது: அல்சைமர் உள்ள சிலருக்கு, டொக்டர் பார்த்து, பெரிய அளவில் கொடுத்தால் கொஞ்சம் உதவக்கூடும். மறதியை அது நிறுத்தாது. கடையில் கேட்டு வாங்கி "கறளை நிப்பாட்டும்" என்று நம்பிக் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை. விற்றமின் ஈ உண்மையாகவே உயிர் காக்கிற ஒரு நரம்பு நோய் இருக்கிறது. பிறப்பிலேயே அந்த விற்றமினை உடம்பில் தக்கவைக்க முடியாத, நடை தள்ளாடும் ஒரு அரிய பரம்பரை நோய். அதில் குறைபாடு இருக்கிறது, அதனால் நிரப்பினால் வேலை செய்கிறது. அம்மம்மாவுக்குக் குறைபாடு இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை.

சேதம் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் சேதத்தின் எதிரியைக் கொடுத்தால் ஏன் நிற்கவில்லை? நண்பர் சொன்ன காரணங்களில் எங்களுக்கு விளங்கினவை சில. மூலிகங்கள் முழுக்க அழிவுக்காரர்கள் இல்லை, கலங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கும் கிருமியைக் கொல்வதற்கும் அவை தேவை. விழுங்குகிற விற்றமின் மூளைக்குள், அதுவும் இழைமணிக்குப் பக்கத்தில், எவ்வளவு போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி. நோய் வெளியே தெரிவதற்குப் பல வருசங்களுக்கு முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், லிண்டாலின் திருத்துகிறவர்கள். வடு உண்டாவது எல்லா மூளையிலும் நடக்கிறது. அதை வெட்டி எடுத்து, இடைவெளியை நிரப்பி, ஒட்டுகிற வேலை எங்கே பிந்துகிறதோ அங்கேதான் வடு குவிகிறது.

இதில் எங்களுக்குக் கிட்டவாக நடந்த வேலை ஒன்று ஹைதராபாத்தில். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. சுப்பாராவ் பல வருசமாக மூளைக் கலங்களில் டீ.என்.ஏ. எப்படித் திருத்தப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வயதான எலியின் நரம்புக்கலச் சாற்றில் இடைவெளி நிரப்பும் திறன் குறைந்திருப்பதையும், நிரப்புகிற நொதியத்தையும் ஒட்டுகிற நொதியத்தையும் வெளியிலிருந்து சேர்த்தால் அது திரும்பி வருவதையும் அவருடைய குழு 2005இல் காட்டியது. சோதனைக் குழாயில்தான். ஆனாலும் பாருங்கள், கறளைத் தடுப்பது பற்றி உலகம் குளிசை விற்றுக்கொண்டிருந்தபோது, மேசன் ஏன் வேலைக்கு வரவில்லை என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். மேசன் பிறப்பிலேயே இல்லாத குடும்பங்களும் உலகில் இருக்கின்றன. டீ.என்.ஏ.யை ஒட்டும் வேலையில் உதவுகிற ஒரு மரபணு பழுதானால் சின்ன வயதிலேயே நடை தள்ளாடி, கண் அசைவு குழம்பும் நோய் வருகிறது என்று 2001இல் கண்டார்கள். திருத்தம் நின்றால் முதலில் அடிவாங்குவது நரம்புதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

எங்கள் ஊர் மூளைகளைப் பற்றி என்ன தெரியும்? மேலே சொன்ன ஆய்வுகளில் இருந்த மூளைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இறந்தவர்களுடையவை. இலங்கையில் ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 700 பேரை வீடு வீடாகப் பார்த்து அசித டி சில்வாவும் கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட கணக்கில், ஏறத்தாழ 4 வீதமானவர்களுக்கு மறதிநோய் இருந்தது. அதாவது 25 பேரில் ஒருவர். எங்கள் தொடர்மாடியிலேயே அந்த வயதில் 25 பேர் இருப்பார்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், இவர்கள் இங்கே.

பிறகு ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரணில் டி சில்வாவின் குழு கொழும்பில் இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் நோயியல் நிபுணர் எஸ்.கே. சங்கரும் அவருடைய சகாக்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். சங்கர்தான் 1995இல் அங்கே மூளை வங்கியைத் தொடங்கியவர். 2016இல் வந்த அவர்களுடைய கட்டுரையைப் பார்த்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தப் பேருந்துகளில் போய்வந்த, இந்தச் சந்தைகளில் மீன் வாங்கின மூளைகள் அவை. தெற்காசிய முதியவர்களின் பிரேத பரிசோதனையிலிருந்து கிடைத்த முதல் ஆதாரம் என்று அந்தக் கட்டுரை சொல்வது எதைப் பற்றித் தெரியுமா? அல்சைமர் தொடர்பான மாற்றங்களில் இரத்தக்குழாய்க் கோளாறுகளின் பங்கு.

இரத்தக்குழாய் என்றதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழாய் தடித்து ஒட்சிசன் வருவது குறைந்தாலும், குறைந்து மறுபடி வந்தாலும், இழைமணி தடுமாறி மூலிகங்களைக் கூடுதலாகக் கக்கும் என்றார். அப்படியென்றால் அண்ணை சொன்ன கறளுக்கும் அம்மம்மாவின் பிரசருக்கும் சீனிக்கும் தொடர்பு இருக்கிறது. 2024இல் லான்செற் ஆணைக்குழு பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளிலும் உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் கொழுப்பும் இருக்கின்றன. கவனிக்காமல் விட்ட காது கேளாமை, காற்று மாசு, தனிமை, சின்ன வயதில் கிடைக்காமல் போன படிப்பு எல்லாம் அதே பட்டியலில். விற்றமின் குறைவு அதில் இல்லை.

இதை எல்லாம் வாசித்து முடித்த கிழமை, தோழி அம்மம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தாள். பிரசர் கடைசியாக அளந்து ஏழு மாதம். பிரசர்க் குளிசையை அம்மம்மா சில நாள் இரண்டு தரம் போடுகிறா, சில நாள் போடுவதே இல்லை, ஏனென்றால் போட்டதை மறந்துபோகிறா. விற்றமின் ஈயை மட்டும் வீட்டார் தவறாமல் காலையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், விலை கூடின சாமான் என்பதால். காது கேட்பது குறைந்து இரண்டு வருசம். "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டிருந்தது.

"எங்கட பிழைதான்" என்றாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு போத்தல் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது.

இப்போது கிழமை நாளுக்கு ஒன்று என்று ஏழு அறை போட்ட குளிசைப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். காது பார்க்க நாள் எடுத்திருக்கிறது. மருதானையில் லங்கா அல்சைமர் மன்றம் என்று 2001இலிருந்து இயங்குகிற ஒரு இடம் இருக்கிறது. பராமரிக்கிறவர்கள் போய்க் கதைக்கலாம் என்று கேள்விப்பட்டு, தோழியின் அம்மா ஒருநாள் போய்வந்தா. விற்றமின் போத்தல் பாதியோடு குளிர்சாதனப்பெட்டிக்கு மேலேயே நிற்கிறது. எறிய மனம் வரவில்லையாம்.

போன சனிக்கிழமை அம்மம்மா மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா. இந்த முறை ஒருவரும் மறிக்கவில்லை. ஓட்டோ பிடித்து, நாங்கள் மூன்று பேரும் அவவுமாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். புனித லூசியாள் பேராலயத்துக்கு முன்னால் இறங்கினதும், எங்களைக் கேட்காமலே நடக்கத் தொடங்கினா. இரண்டு திருப்பம், ஒரு ஒழுங்கை. வீடு இருந்த இடத்தில் இப்போது இரும்புக் கடை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கதவு மாத்திப்போட்டாங்கள்" என்றா. பிறகு தேத்தண்ணி கேட்டா.